விராலிமலைக் கிணற்று நீரில் ஓர் உவர்நீர் மீன்தொட்டி

எங்கள் வீட்டுப் பின்புறம் ஆறு ஆண்டுகளாகத் தழைத்து நின்ற கறிவேப்பிலை மரம் ஒரே கோடையில் பட்டுப் போயிற்று. முதலில் இலை நுனி கருகியது. பிறகு ஓரமெல்லாம் கருகி, இலைகள் உதிரத் தொடங்கின. பூச்சியாக இருக்கும் என்று எண்ணி மருந்து தெளித்தேன். வேரழுகலாக இருக்கும் என்று எண்ணி நீரைக் குறைத்தேன். இரண்டாலும் பயன் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு நாள் வந்து, அடிமண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“ஏன் தம்பி, இங்கே எதைக் கொட்டுறீங்க? மண்ணு கரிக்குதே!” என்றார்.

“மீன்தொட்டியில் மாற்றுகிற தண்ணீர் அண்ணே. வாரம் ஒரு தடவை ஊற்றுவேன். கழிமுக மீன், அதற்கு உப்பு வேண்டும்” என்றேன்.

“உப்பைக் காசு குடுத்து வாங்கி நல்ல மண்ணுல ஊத்துறீங்களாக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னுடையது 100 லிட்டர் தொட்டி. லிட்டருக்கு 8 கிராம் உப்பு. வாரம் 20 லிட்டர் மாற்றினால் 160 கிராம் உப்பு வெளியே போகிறது. ஓர் ஆண்டுக்கு எட்டு கிலோவுக்கு மேல் ஆகிறது. அவ்வளவையும் ஒரே மரத்தின் வேரில் கொட்டியிருக்கிறேன். பாசன நீரைச் சோதனைக்குக் கொடுத்தால், மின்கடத்துத் திறன் 2 அலகைத் தாண்டியதுமே எச்சரிக்கை செய்வார்கள். என் தொட்டி நீரின் கடத்துத் திறனோ 13 அலகைத் தாண்டும்.

இப்போது பல விவசாயக் குடும்பங்களில் பிள்ளைகள் கண்ணாடித் தொட்டி வைக்க ஆசைப்படுகிறார்கள். தங்கமீன் வைத்து அலுத்தவர்கள் கழிமுக மீன்களைப் பற்றிக் கேட்கிறார்கள். வைக்கலாம். அழகான மீன்கள், நம் பகுதித் தண்ணீருக்கு ஏற்றவையுங்கூட. ஆனால் இதில் உப்புதான் முக்கியம். எந்த உப்பு, எவ்வளவு உப்பு, கடைசியில் அது எங்கே போகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு இறங்குவது நலம். நான் மூன்றிலும் தவறு செய்தவன்.

எது உவர்நீர்?

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்து நீரே உவர்நீர். நம் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் மலையும் மயிலுமாக விராலிமலை இருக்கிறது. கிழக்குக் கோடியில் பாக் விரிகுடாவை ஒட்டிக் கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்கள் உள்ளன. அந்தக் கரையோரத்து ஓடைகளும் உப்பங்கழிகளும் மழைக்காலத்தில் ஏறக்குறைய நல்ல தண்ணீராகவும், கோடையில் கடலை ஒத்த உப்பாகவும் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே வாழும் மீன்கள் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கப் பழகியவை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். வீட்டுத் தொட்டிக்கு 6 முதல் 10 கிராம் போதும்.

இதைக் கேட்டதும் ஒரு நண்பர், “எங்கள் கிணறே உப்புத்தானே, அப்படியே ஊற்றிவிடலாமா?” என்று கேட்டார். கூடாது. உவர்க் கிணற்று நீரும் கழிமுக நீரும் ஒன்றல்ல. கடல் நீரில் சோடியம், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருக்கும். நிலத்தடி உவர்நீரில் அந்த விகிதம் மாறியிருக்கும். பொட்டாசியம் பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். ஹரியானாவில் ரோத்தக் பகுதியில் உவர் நிலத்தடி நீரில் இறால் வளர்க்க முயன்றபோது இந்தக் குறைதான் இடைஞ்சலாக நின்றது. அங்கே பொட்டாசியம் சேர்த்த பிறகே இறால் தேறியது.

ஆனால் நம் பக்கத்துக் கிணறுகளுக்கு வேறொரு நற்குணம் உண்டு. விராலிமலை, இலுப்பூர் பகுதியில் பல ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இல்லாவிட்டாலும் கடினமாக இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விழும், பருப்பு வேக நேரமாகும், சோப்பு நுரைக்காது. வீட்டில் பெண்கள் திட்டுகிற அந்தத் தண்ணீர்தான் கழிமுக மீனுக்குப் பிடித்தது. கார அமில நிலை 7.5 முதல் 8.4 வரை இருக்கும் கடின நீரில் இவை நன்றாக இருக்கும். மென்மையான நீர் உள்ள ஊர்க்காரர்கள் கிளிஞ்சலைப் போட்டுத் தண்ணீரைக் கடினப்படுத்துகிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. குழாய்த் தண்ணீர் பிடிப்பவர்கள் மட்டும் குளோரின் போக ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்ற வேண்டும்.

கல் உப்பு போதுமா?

நான் முதலில் செய்த தவறு இதுதான். கடையில் கல் உப்பு ஒரு கிலோ வாங்கிக் கரைத்துவிட்டு, உவர்நீர் தயார் என்று இருந்துவிட்டேன். ஒரு மாதத்தில் நான்கு மீன்கள் செதில் மங்கி, ஒவ்வொன்றாகச் செத்தன. கல் உப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அவசரமும் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடல் நீரைப் பாத்தி பாத்தியாகக் காய்ச்சும்போது கால்சியச் சத்துகள் முதலிலேயே படிந்துவிடும். பிறகு சோறாக்குகிற உப்பு பூக்கும். அதை வாரி எடுத்த பின் எஞ்சும் கசப்பு நீரில்தான் மக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிவிடுகின்றன. ஆகவே நமக்குக் கிடைக்கும் கல் உப்பு, கடலின் ஒரு பகுதியே தவிர முழுக் கடல் அல்ல. மோலி போன்ற மீன்கள் கடினமான கிணற்று நீரும் கல் உப்பும் சேர்ந்தாலே சமாளித்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு மீன் கடைகளில் விற்கும் கடல் உப்புக் கலவை வாங்குவதே சரி. பாக்கெட்டில் வரும் பொடி உப்பு வேண்டாம். கட்டி தட்டாமல் இருக்க அதில் வேறு பொருள் சேர்த்திருப்பார்கள்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி கடல் நீரையே கொண்டு வருவது. 25 லிட்டர் கடல் நீரும் 75 லிட்டர் கிணற்று நீரும் கலந்தால் லிட்டருக்கு எட்டு, எட்டரை கிராம் வந்துவிடும். நமக்கும் கடற்கரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்தப் பக்கம் போகிற சரக்கு வண்டியில் சொல்லி வைத்தால் ஒரு கேன் வந்து சேராமல் போகாது. படகுத்துறையிலும் சாக்கடை கலக்கும் இடத்திலும் பிடிக்கக் கூடாது. மழை பெய்து கலங்கிய நாளிலும் பிடிக்கக் கூடாது. கொண்டு வந்த நீரை மூடி, இருட்டான இடத்தில் இரண்டு வாரம் அசையாமல் வைத்து, மேல் தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கரையோரக் கடல் நீரிலேயே உப்பு குறைந்திருக்கும். ஆதலால் அளந்து பார்க்காமல் கலக்க வேண்டாம்.

அளப்பதற்கு மீன் கடையில் விற்கும் அடர்த்திமானி போதும். அதில் 1.005 முதல் 1.007 வரை காட்டினால் சரியான அளவு. பால் சங்கத்து லாக்டோமீட்டர் இதற்கு உதவாது. அதன் அளவுகோல் பாலுக்குரிய அடர்த்தியை ஒட்டியே இருக்கும். குடிநீர்க் கருவி பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் டிடிஎஸ் பேனாவும் ஓரளவு உதவும். ஏறத்தாழ எட்டாயிரம் காட்டினால் லிட்டருக்கு 8 கிராம் என்று கொள்ளலாம். நெல் விதை தேற 10 லிட்டர் நீருக்கு ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்து முட்டை மிதக்கவிட்டுப் பார்க்கிறோம் அல்லவா? மீன்தொட்டிக்கு அதே 10 லிட்டரில் 80 கிராம்தான். முட்டை மிதக்கும் கணக்கை இங்கே கொண்டு வந்துவிடாதீர்கள்!

தொட்டியும் இடமும்

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள தொட்டியில் 100 லிட்டர் பிடிக்கும். இதைவிடச் சிறிது வேண்டாம். சிறிய தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் சூடாகும். உப்பும் சீக்கிரம் ஏறி இறங்கும். நீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 150 கிலோ அளவு எடை வரும். ஆகவே பழைய பெஞ்சின் மேல் ஏற்றாமல் உறுதியான தாங்கியில் வைக்க வேண்டும். கீழே ஒரு தெர்மாகோல் அட்டை விரித்தால் சிறு மேடு பள்ளத்தால் கண்ணாடி விரியாது. உப்புநீர் பட்டால் இரும்புத் தாங்கி சீக்கிரம் துருப்பிடிக்கும். வர்ணம் பூசிவிடுவது நலம். மின்சார வயர் தொட்டியிலிருந்து நேரே பிளக்குக்குப் போகாமல், ஒரு வளைவு கீழே தொங்கிப் பிறகு மேலே ஏறுமாறு விட வேண்டும். வயர் வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வெயில் படாத, ஓட்டு வீடானால் வடக்குச் சுவர் ஓரமான இடம் நல்லது. நீர் 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் மீன் சுகமாக இருக்கும். சித்திரை, வைகாசியில் அதைத் தாண்டாமல் பார்ப்பது சிரமம்தான். மூடியைச் சற்றுத் திறந்து மின்விசிறிக் காற்று நீர்மட்டத்தில் படவிட்டால் இரண்டு டிகிரி குறையும். ஆனால் எங்கள் ஊரில் மூடியை முழுக்கத் திறந்து வைக்க முடியாது. மயில் திண்ணை வரை வந்து தலையை நீட்டும்.

அடியில் நன்றாகக் கழுவிய ஆற்று மணல் இரண்டு அங்குலம் போதும். மறைவிடத்துக்கு உடைந்த ஓடு, மண் சட்டித் துண்டு, கருங்கல் போடலாம். பவளம் வேண்டாம். பவளப் பாறையும் கடல் குதிரையும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. யாராவது கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அலையாத்திக் காட்டில் கன்று பிடுங்குவதும் அப்படித்தான். செடி கொடிகளை எதிர்பார்த்து இந்தத் தொட்டி வைக்க வேண்டாம். நன்னீர்ச் செடிகளில் பெரும்பாலானவை இந்த உப்பில் அழுகிவிடும்.

யூரியா போட்ட வயலில் நடப்பதே இங்கும்

மீன் செத்ததற்கு அவசரமும் காரணம் என்றேன் அல்லவா? தொட்டி கட்டிய மறுநாளே மீனை விட்டதுதான் அந்த அவசரம்.

வயலில் யூரியா போட்டால் அது முதலில் அம்மோனியாவாகிறது. பிறகு மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் நைட்ரேட்டை எடுத்துக்கொள்கிறது. தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. மீனின் கழிவும் தின்னாமல் கிடக்கும் தீனியும் அம்மோனியாவாகின்றன. அம்மோனியாவும் மீனுக்கு நஞ்சு, நைட்ரைட்டும் நஞ்சு. நைட்ரேட் மட்டுமே ஓரளவு தீங்கற்றது. வயலில் நுண்ணுயிர் ஏற்கெனவே கோடிக் கணக்கில் இருக்கிறது. புதுத் தொட்டியிலோ ஒன்றும் இல்லை. அது பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

இன்னொன்றும் கவனிக்கவும். களர் நிலத்தில் வெயில் நேரத்தில் யூரியாவை மேலாக வீசினால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும் என்று சொல்வார்கள். காரமும் சூடும் சேர்ந்தால் அம்மோனியாவின் வேகம் கூடுகிறது. நம் தொட்டி நீரும் காரம். நம் ஊரும் சூடு. ஆகவே குளிர்ந்த மலைநாட்டில் மீனைக் கொல்லாத அளவு அம்மோனியா இங்கே கொன்றுவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். நல்ல தண்ணீரை நிரப்பி, ஏரேட்டரையும் பஞ்சு வடிகட்டியையும் ஓடவிட வேண்டும். நோயில்லாமல் நன்றாக ஓடுகிற தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அங்கிருந்து ஒரு கைப்பிடி மணலோ பழைய பஞ்சோ வாங்கிப் போடுங்கள். மோருக்கு உறை ஊற்றுவது போலத்தான். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். மீன் இல்லாத தொட்டிக்கு ஏன் தீனி என்று வீட்டில் சிரிப்பார்கள், அது நுண்ணுயிருக்கு. மீன் கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று காட்டிய பிறகு முதல் மீனை விடலாம். முதல் மீன் நாலைந்து மோலிகளாக இருக்கட்டும்.

அதன் பிறகே உப்பு. வாரத்துக்கு 200 கிராம் வீதம் வாளியில் கரைத்து, ஊற்றி வந்தால் நான்கு வாரத்தில் லிட்டருக்கு 8 கிராம் ஆகிவிடும். மோலியும் பழகும், வடிகட்டியில் உள்ள நுண்ணுயிரும் பழகும். உப்பை நேராகத் தொட்டிக்குள் கொட்டக் கூடாது. அடியில் தேங்கிய செறிந்த கரைசலில் மீன் மாட்டிக்கொள்ளும்.

எந்த மீன்?

மோலியை நன்னீர் மீன் என்றே கடையில் விற்பார்கள். மெக்சிகோ பக்கத்துக் கரையோர ஓடைகளில் உப்பும் நன்னீரும் கலந்த இடங்களிலும் வாழும் இனம் அது. எந்தக் கடையிலும் கிடைக்கும்; விலையும் குறைவு.

அடுத்தது ஆரஞ்சு குரோமைடு. கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய நம் சொந்த மீன். மூன்று அங்குலத்துக்கு மேல் அதிகம் வளராது. ஆகவே 100 லிட்டர் தொட்டிக்கு ஆறு குஞ்சுகள் சரியான அளவு. வளர வளர அவற்றில் இரண்டு ஜோடி சேர்ந்து ஓர் ஓட்டுத் துண்டைச் சுத்தம் செய்து முட்டை இடும். தாயும் தகப்பனும் மாறி மாறிக் காவல் நிற்கும். துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரித்த குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும். எங்கள் வீட்டில் மாலை வேளையில் இதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். காவல் காலத்தில் மற்ற மீன்களை ஒரு மூலைக்கு விரட்டிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். மோலிக் குஞ்சு ஒன்றும் தப்பாது.

இதன் பெரியண்ணன் செத்தக்கெண்டை. கேரளத்தில் கரிமீன் என்ற பெயரில் 2010இல் மாநில மீனாக அறிவிக்கப்பட்டது. இந்த இரு மீன்களையும் 1970களில் ஆராய்ந்த ஜாக் வார்டு, ரிச்சர்டு வைமன் என்ற இருவர் ஒரு வியப்பான செய்தியை எழுதினார்கள். சின்ன மீனாகிய பள்ளத்தி, கரிமீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்கிறதாம். நாவிதர் வேலை செய்யும் அதே பள்ளத்தி, சமயம் கிடைத்தால் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும் என்பது வேறு கதை. செத்தக்கெண்டை ஒரு சாணுக்கு மேல் வளரும். குஞ்சாக இருக்கும்வரை தொட்டியில் வைத்திருந்து, பிறகு உப்பைப் படிப்படியாகக் குறைத்து உங்கள் சொந்தப் பண்ணைக் குட்டையில் விடலாம். நன்னீரிலும் நன்றாக வளரும், குழம்புக்கும் ஆகும். மோலியை மட்டும் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். அது வெளிநாட்டு மீன். பெருகிவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

புள்ளி ஸ்காட், வெள்ளித் தகடு போன்ற சில்வர் மூனி இரண்டையும் கடையில் காட்டி ஆசை மூட்டுவார்கள். இவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைச் சென்னையில் 1987இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. நல்ல மீன்கள்தான். ஆனால் தட்டு அளவுக்கு வளரும். வயது ஏற ஏற உப்பும் கூடுதலாகக் கேட்கும். 100 லிட்டர் தொட்டிக்கு ஏற்றவை அல்ல. ஸ்காட்டின் முதுகு முள் குத்தினால் விஷக்கடுப்பு எடுக்கும். கையால் பிடிக்க வேண்டாம்.

தீனி விஷயத்தில் கஞ்சத்தனமே நல்லது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, ஒரு நாளைக்கு இரு வேளை. அவித்த கீரையும் கொசுப் புழுவும் இடையிடையே கொடுக்கலாம். மின்தடை வந்தால் அன்றைக்குத் தீனியே வேண்டாம்; சொம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும்.

வற்றுவது நீர், உப்பு அல்ல

கோடையில் வாரத்துக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீர் வற்றும். இந்தத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது 2.7 லிட்டர். வற்றிய இடத்தை உப்பு கலந்த நீரால் நிரப்புவது பலர் செய்யும் பிழை. ஆவியாகப் போவது நீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மறுபடி உப்புநீர் ஊற்றினால் உப்பு வாரந்தோறும் ஏறிக்கொண்டே போகும். வடிகால் இல்லாத வயல் உவராவதும் இதே வழியில்தான். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, வற்றியதை நல்ல தண்ணீரால் அந்தக் கோடு வரை நிரப்ப வேண்டும். வாளியில் மொண்டு வெளியே எடுத்த நீருக்கு ஈடாக மட்டுமே உப்புக் கலந்த நீர் ஊற்ற வேண்டும். கடின நீரால் நிரப்பி நிரப்பிக் கண்ணாடியில் வெள்ளைப் படிவு ஏறும். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதை ஊற்றலாம்.

வெளியே எடுத்த நீர் எங்கே போகிறது?

கறிவேப்பிலைக்குப் பிறகு நான் கற்ற பாடம் இது. எலுமிச்சை, அவரை, வெற்றிலை, வாழை, பூச்செடி எதற்கும் இந்த நீர் ஆகாது. கிணற்றுக்கு அருகிலும் ஆழ்துளைக் குழாய்க்கு அருகிலும் கொட்டக் கூடாது. மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் ஊற்றுவது அதைவிடக் கேடு. நேரே நிலத்தடி நீருக்குப் போய்விடும்.

தென்னை ஒன்றுதான் இதைத் தாங்கும். தாங்குவதோடு, உப்பில் உள்ள குளோரின் அதற்கு உணவும் ஆகும். தென்னங்குழியில் உப்புப் போடும் வழக்கம் நம் முன்னோர்க்கும் இருந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் தென்னைக்குச் சோற்று உப்பை உரமாகவே சிபாரிசு செய்கிறார்கள். தொட்டி நீரில் நைட்ரேட்டும் கலந்திருப்பதால் மரத்துக்கு அதுவும் கொஞ்சம் சேரும். ஆனால் ஒரே மரத்துக்கு ஊற்றக் கூடாது. ஐந்தாறு காய்க்கும் மரங்களுக்கு முறை வைத்து, வாரம் ஒரு மரமாக, அடிமரத்தை விட்டு மூன்றடி தள்ளிப் பாத்தியில் பரவலாக ஊற்ற வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோதான் போகும். நம் செம்மண்ணில் வடிகால் நன்றாக இருப்பதால் ஐப்பசி மழை வேர்ப்பகுதி உப்பைக் கழுவிவிடும். களிமண் நிலத்தில் இப்படிச் செய்ய வேண்டாம். இளங்கன்றுக்கும் வேண்டாம். தென்னை இல்லாதவர்கள் செடிகொடியும் கிணறும் இல்லாத சிமென்டுத் தளத்தில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணாடித் தொட்டி நன்றாக ஓடியதைப் பார்த்து, கொல்லையில் குழி வெட்டி உவர்நீர் நிரப்பி மீன் வளர்க்கலாமா என்று இருவர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். வேண்டவே வேண்டாம். தொட்டியின் உப்பை வாளியில் அளந்துவிடலாம். மண் குழியில் ஊறிப் போகும் உப்பை அளக்க முடியாது. பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் அது போய்ச் சேரும். கடற்கரை மாவட்டங்களில் இறால் பண்ணைகள் வந்தபோது நெல் வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் உப்பானது நாம் அறிந்ததே. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு அளித்தது. விளைநிலத்தை இறால் குளமாக மாற்றக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. கடலோரத்துக்கே அந்த நிலைமை என்றால், கடலே எட்டிப் பார்க்காத விராலிமலை மண்ணில் உப்பை இறக்குவானேன்?

வருமானம் வருமா என்றும் கேட்கிறார்கள். ஒரு தொட்டியால் வராது. பள்ளத்தி ஜோடி சேர்ந்து குஞ்சு பொரித்தால், தொட்டி வைத்திருக்கும் நான்கு பேருக்குக் கொடுத்து உப்புச் செலவை ஈடுகட்டலாம், அவ்வளவே. வண்ண மீன் வளர்ப்பைத் தொழிலாகவே செய்ய நினைப்பவர்கள் நன்னீர் மீனில் தொடங்குவது நலம். கடன், மானியம் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் விசாரித்து, என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே பணம் போடவும்.

பட்டுப்போன கறிவேப்பிலை இருந்த இடத்தில் இரண்டு மழைக்காலம் நல்ல தண்ணீர் தேக்கி வடியவிட்டேன். போன ஆவணியில் மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தேன். உப்பு இறங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரரே ஒரு கன்று கொண்டு வந்து நட்டார். நட்டுவிட்டு, மறுபடியும் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.